பூட்டிய மைதானத்தில் காய்ந்த நெல்

காலரா வந்த வருடம் எங்கள் ஊர்ப் பஞ்சாயத்து முதலில் பூட்டிய இடம், பிள்ளைகள் விளையாடும் மைதானம். கடைசியாகத் திறந்ததும் அதைத்தான். நடுவில் என்ன நடந்தது என்று சொல்ல ஆரம்பித்தால் இன்றைக்கும் என் குரல் உயர்ந்துவிடுகிறது. “அந்த ஆளே செத்துப் போயிட்டாரு, இன்னும் எதுக்கும்மா?” என்று என் மகன் கேட்கிறான். செத்துப் போனால் சரியாகிவிடுமா?

கும்மிடிப்பூண்டிப் பக்கம், ஆந்திராவுக்குப் போகும் பெரிய ரோட்டை ஒட்டிய ஊர் எங்களுடையது. எழுபதுகளின் தொடக்கம். தொழிற்பேட்டை என்று பெரிதாக ஒன்றும் வந்திருக்கவில்லை. கம்பி இழுக்கும் இரும்புப் பட்டறை ஒன்று, ரைஸ் மில், சில செங்கல் சூளைகள், அவ்வளவுதான். என் கணவர் கம்பிப் பட்டறையில் உலைக்கு முன்னால் நிற்பவர். நான் ரைஸ் மில்லில் அவித்த நெல்லைக் களத்தில் கொட்டிக் காயவைக்கும் வேலை செய்தேன். எட்டாவது வரை படித்திருந்ததால் எங்கள் லைனில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள்.

லைன் என்பது வரிசையாகக் கட்டிவிட்ட ஒற்றை அறைகள். ஒரு அறைக்கு ஒரு குடும்பம். சமைப்பதும் தூங்குவதும் அதிலேயே. இரவு ஷிப்ட் முடித்து வந்த ஆம்பிளைகள் பகலில் படுத்திருப்பார்கள். பிள்ளைகள் வாயைத் திறக்கக் கூடாது. வெளியே போனால் ஒரு பக்கம் ரயில்பாதை, மறுபக்கம் லாரி ஓடும் ரோடு. நடுவில் பஞ்சாயத்து மைதானம். முன்பு இருந்த அதிகாரி ஒருவர் ஆசைப்பட்டுப் போட்டுக் கொடுத்தது. ஒரு சறுக்குமரம், சங்கிலி ஊஞ்சல் இரண்டு, பூப்பந்து ஆட ஒரு பெரிய சிமெண்ட் தளம், ஒரு கைப்பம்பு, சுற்றிலும் முள்கம்பி வேலி. பட்டணத்துக்காரர்களுக்கு அது ஒன்றுமில்லாமல் இருக்கலாம். எங்கள் பிள்ளைகளுக்கு ஓடுவதற்கென்று இருந்த இடம் அது ஒன்றுதான்.

மழைக்காலத்தின் கடைசியில் வாந்திபேதி தொடங்கியது. முதலில் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கத்துக் குடிசைகளில், பிறகு எங்கள் லைனில். கோடி வீட்டுக்காரி காலையில் என்னோடு தண்ணீர் பிடித்தவள், சாயங்காலம் கண் உள்ளே போய், அடையாளம் தெரியாமல் கிடந்தாள். பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு மாட்டுவண்டியில் கொண்டு போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. ஜீப்பில் ஆட்கள் வந்து கிணறுகளில் ப்ளீச்சிங் பவுடரைக் கொட்டினார்கள். எல்லாரையும் வரிசையில் நிறுத்தி ஊசி போட்டார்கள். தண்டோரா போட்டார்கள்: சந்தை கிடையாது, டூரிங் டாக்கீஸ் கிடையாது, மைதானம் பூட்டப்படும், யாரும் கூட்டம் சேரக் கூடாது.

அதை நான் குறை சொல்லவில்லை. மைதானத்துப் பம்பில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே தகரக் குவளையில்தான் குடிக்கும். அந்தத் தண்ணீரில் என்ன இருந்ததோ! பஞ்சாயத்து ஆள் கேட்டில் பூட்டு மாட்டியபோது என் மகன் அழுதான். நான்தான் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்குள் அடைத்து வைத்தோம். பிள்ளைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டன, நாங்கள் பிள்ளைகளை அடித்தோம். உயிருக்குப் பயந்து எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டோம்.

பொங்கலுக்குள் நோய் அடங்கிவிட்டது. புதிதாக ஒருவரும் விழவில்லை. பொங்கல் முடிந்த வாரமே சந்தையைத் திறந்தார்கள். சந்தையைக் குத்தகைக்கு எடுத்தவர் பஞ்சாயத்தில் உறுப்பினர். அடுத்து டூரிங் டாக்கீஸ். மணலில் தொடையோடு தொடை இடித்துக்கொண்டு ஊரே உட்கார்ந்து படம் பார்த்தது. அதில் வரும் வரியில் பஞ்சாயத்துக்குப் பங்கு உண்டு. மதுவிலக்கை எடுத்திருந்த காலம் அது. சாராயக்கடையை நோய் உச்சத்தில் இருந்தபோதும் மூடவில்லை. மைதானத்தின் கேட்டில் மட்டும் பூட்டு அப்படியே தொங்கியது. பிள்ளைகள் விளையாடினால் யாருக்கு என்ன வரும்படி?

ஊசி போட வந்துகொண்டிருந்த சுகாதார ஆய்வாளரை நான் வழியில் நிறுத்திக் கேட்டேன். சைக்கிளில் இருந்து இறங்காமலேயே அவர் சொன்னார், “பம்பைக் கழட்டிட்டு கேட்டைத் தொறந்துடுங்கன்னு நான் அப்பவே சொல்லிட்டேன் மா. தொறக்கறது என் வேலை இல்ல. பிரசிடென்ட் கிட்ட கேளு.”

பஞ்சாயத்துப் பிரசிடென்ட் வேறு யாருமில்லை, நான் வேலை செய்த ரைஸ் மில்லின் முதலாளி. ஆந்திர எல்லைப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். ஊரில் எல்லாரும் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவோம். கெட்ட வார்த்தை பேசமாட்டார், கையை ஓங்கமாட்டார். எதைக் கேட்டாலும் சிரித்துக்கொண்டே தள்ளிப் போடுவார். மில் ஆபீஸ் வாசலில் நின்று மைதானத்தைப் பற்றிக் கேட்டேன். நோய் இன்னும் முழுசாகப் போகவில்லை, பிள்ளைகள் உயிர் விஷயம், மீட்டிங்கில் வைத்துத்தான் முடிவு செய்ய முடியும் என்றார். நானும் அதை நம்பி லைனுக்கு வந்து மற்றப் பெண்களிடம் சொன்னேன். எல்லாரிடமும் கைநாட்டு வாங்கி ஒரு மனுவும் எழுதிக் கொடுத்தேன்.

பஞ்சாயத்து ஆபீஸ் ஜன்னல் ரோட்டைப் பார்த்தபடி இருக்கும். வெளியே நின்றால் உள்ளே பேசுவது கேட்கும். முதல் கூட்டத்துக்கு ஆள் சேரவில்லை, காபி குடித்துவிட்டுக் கலைந்து போனார்கள். அடுத்த கூட்டம் முழுக்கச் சந்தைக் குத்தகைச் சண்டை. அதற்கடுத்த கூட்டத்தில்தான் மைதானம் என்ற பேச்சு வந்தது. அவசரம் என்ன என்றார் ஒருவர். திறந்தால் காவலுக்கு ஆள் போடவேண்டும் என்றார் இன்னொருவர். லைன் வீட்டுப் பசங்களால்தான் நோயே பரவியது என்று மூன்றாவது குரல் சொன்னது. யாரும் மறுத்துப் பேசவில்லை. சட்டப்படி ஒரு பெண் உறுப்பினர் இருந்தார், ஆனால் அவர் கூட்டத்துக்கு வந்து நான் பார்த்ததே இல்லை. வீட்டுக்கு ஆள் அனுப்பிக் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். “நோய் காரணமாக, மறு உத்தரவு வரும் வரை” மைதானம் பூட்டியிருக்கும் என்று தீர்மானம் எழுதி முடித்தார்கள். ஜன்னலுக்கு வெளியே நாங்கள் நிற்பது அவர்களுக்குத் தெரியும். ஒருவர் எழுந்து வந்து கதவைச் சாத்தினார்.

அதற்குப் பிறகு ஒரு நாள் மைதானத்தின் வேலியைச் சுற்றிலும் தென்னந்தட்டி வைத்துக் கட்டினார்கள். உள்ளே ப்ளீச்சிங் பவுடர் மூட்டைகள் இருக்கின்றன, பிள்ளைகள் கிட்டே போனால் கண் போய்விடும் என்றார் பஞ்சாயத்து ஆள். நாங்களும் பிள்ளைகளை மிரட்டி அந்தப் பக்கமே போகாமல் செய்தோம்.

பிள்ளைகள் எத்தனை நாள் அடங்கியிருக்கும்? ரோட்டுக்குப் போக ஆரம்பித்தார்கள். பட்டறைக்கு இரும்புத் துண்டு ஏற்றி வரும் லாரிகள் ரோட்டோரம் வரிசையாக நிற்கும். வெயிலுக்கு அந்த லாரி நிழல் குளிர்ச்சியாக இருக்கும். பெண் பிள்ளைகள் அங்கே கட்டம் போட்டுப் பாண்டி ஆடுவார்கள். நாங்கள் விரட்டுவோம். வேலைக்குப் போனதும் மறுபடியும் வந்துவிடுவார்கள்.

எனக்கு அடுத்த அறையில் ஒரு கிறிஸ்தவக் குடும்பம் இருந்தது. கணவர் ரயில்வேயில் கேங்மேன். அவள் என்னைவிட இளையவள், என்னை அக்கா என்று கூப்பிடுவாள். ஒரே பெண் குழந்தை, அப்போதுதான் பள்ளிக்கூடம் சேர்ந்திருந்தது. துறுதுறுவென்று ஒரு இடத்தில் நிற்காது. சறுக்குமரத்தில் தலைகீழாக இறங்கி எங்களைக் கத்த வைக்கிற பெண். மாசி மாதம் ஒரு மத்தியானம் அது லாரிக்குப் பின்னால் பாண்டி ஆடிக்கொண்டிருந்தது. டிரைவர் சாப்பிடப் போயிருந்தார். கிளீனர் வண்டியைப் பின்னால் எடுத்தான்.

நான் மில்லில் இருந்தேன். செய்தி வந்து ஓடிப் போனபோது குழந்தையைத் தூக்கிவிட்டிருந்தார்கள். அவள் ரோட்டில் உட்கார்ந்து, குழந்தையின் காலைத் தன் புடவையால் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. என்னைப் பார்த்து, “அக்கா, செருப்பு அங்கயே கெடக்குது, எடுத்துக்கோ” என்றாள். அதே லாரியில் மெட்ராஸ் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். வழியெல்லாம் குழந்தை தண்ணீர் கேட்டது. கணுக்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

திரும்பி வந்த பிறகு நாங்கள் இரண்டு பேரும் பிரசிடென்ட்டைப் பார்க்கப் போனோம். பணம் கேட்கப் போகவில்லை. மற்றப் பிள்ளைகளுக்காவது கேட்டைத் திறந்துவிடுங்கள் என்று கேட்கத்தான் போனோம். அவர் நாற்காலியில் இருந்து எழுந்துகூட நின்றார், முகத்தில் வருத்தம் இருந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மெதுவான குரலில் அவளிடம் சொன்னார்:

“லாரி போற ரோட்ல புள்ளய வுட்டது யாரு மா? பெத்தவங்க பாத்துக்க வாணாவா?”

அவள் திரும்பி வீட்டைப் பார்க்க நடந்தாள். அன்று இரவு சுவருக்கு அந்தப் பக்கம் அவள் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது. நான் போய்க் கதவைத் தட்டினேன், திறக்கவில்லை. அவள் அந்த வார்த்தையை நம்பிவிட்டாள். அதுதான் எனக்கு ஆறவே இல்லை. அந்த ஆள் செய்ததை எல்லாம் ஒரு பக்கம் வைத்தாலும், ஒரு தாயைத் தன்னையே குற்றவாளி என்று நம்ப வைத்தாரே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

அதற்குப் பிறகு ஒரு காலை வழக்கம்போல் மில்லுக்குப் போனேன். அறுவடைக் காலம், நெல் மலையாகக் குவிந்திருந்தது. மில்லின் களத்தில் சிமெண்ட் பெயர்ந்து பாதி இடத்தில் பூச்சு வேலை நடந்துகொண்டிருந்தது. மீதி நெல்லை எங்கே காயவைக்கிறார்கள் என்று நான் யோசித்ததில்லை. வெளியூரிலிருந்து வேனில் வரும் வேறு ஒரு செட்டு பெண்கள் அந்த வேலையைச் செய்தார்கள். அன்றைக்கு அந்த செட்டு வரவில்லை. மேஸ்திரி எங்களைக் கூப்பிட்டு, அவித்த நெல்லைக் கூடையில் எடுத்துக்கொண்டு தன் பின்னால் வரச் சொன்னான். ஆவி பறக்கும் கூடைகளைத் தலையில் வைத்துக்கொண்டு போனோம். அவன் மைதானத்துக் கேட்டில் போய் நின்றான். இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தான்.

உள்ளே ப்ளீச்சிங் பவுடர் மூட்டை ஒன்றுகூட இல்லை. பூப்பந்துத் தளம் முழுக்க முந்தின நாள் நெல் குவித்துக் கோணிப்பை போட்டு மூடியிருந்தது. சறுக்குமரத்தின் மேல் கூடைகளைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். ஊஞ்சல் கம்பத்தில் கொடி கட்டி யாரோ புடவை காயப்போட்டிருந்தார்கள்.

“எப்போலேர்ந்து இங்க காயுது?” என்று மேஸ்திரியைக் கேட்டேன்.

“தை மாசத்துலேர்ந்தே. இன்னா புதுசா கேக்கற? கொட்டு, ஆறிப் போவுது.”

தை மாதத்திலிருந்து. அப்படியென்றால் நாங்கள் மனு கொடுத்தபோது இங்கே நெல் காய்ந்துகொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே நாங்கள் நின்றபோதும் காய்ந்துகொண்டிருந்தது. அந்தக் குழந்தை லாரி நிழலில் கட்டம் போட்ட மத்தியானமும் இந்தத் தளத்தில் வெயில் வீணாகாமல் நெல் காய்ந்துகொண்டிருந்தது.

நான் கூடையை இறக்கித் தரையில் வைத்தேன். மேஸ்திரி ஏதோ கத்தினான். லைனுக்கு நடந்தேன் என்று சொல்ல முடியாது, எப்படிப் போனேன் என்று எனக்கே நினைவில்லை. அவள் வாசலில் குழந்தைக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தாள். மைதானத்தில் என்ன இருக்கிறது என்று சொன்னேன். அவளுக்கு முதலில் புரியவில்லை, இரண்டாவது முறை சொன்னேன். கட்டை முடிச்சுப் போட்டுவிட்டு, குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு என் முன்னால் நடந்தாள்.

கேட்ட பெண்கள் எல்லாரும் வந்தார்கள். அடுப்பில் இருந்ததை இறக்கி வைத்துவிட்டு வந்தார்கள். பிள்ளைகள் பின்னாலேயே ஓடி வந்தன. மேஸ்திரி கேட்டைச் சாத்தப் பார்த்தான், என்னோடு கூடை சுமந்து வந்த பெண்களே உள்ளேயிருந்து அதைப் பிடித்துக்கொண்டார்கள். தட்டிகளைப் பிடுங்கி ரோட்டில் போட்டோம். ரோட்டில் போகிறவர்கள் எல்லாரும் நின்று உள்ளே பார்த்தார்கள். எங்களுக்கு இருந்த ஆத்திரத்தில் எதை வேண்டுமானாலும் செய்திருப்போம். ஆனால் ஒருத்திகூட ஒரு பிடி நெல்லை வாரி வீசவில்லை. அது சோறு என்பது எங்களுக்குத் தெரியும்.

அவள் குழந்தையைத் தளத்தின் ஓரத்தில், நெல்லுக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டுத் தானும் உட்கார்ந்தாள்.

பிரசிடென்ட் மோட்டார் சைக்கிளில் வந்தார். இறங்கும்போதும் சிரித்த முகம்தான். கூட்டத்தைப் பார்த்தார், ரோட்டில் நின்றவர்களைப் பார்த்தார்.

“இன்னா மா இது, இப்பதான் ஊர்ல நோயி அடங்கிக்கினு கீது. இத்தினி பேர் ஒண்ணா சேந்தா மறுபடியும் பரவாதா?”

அவள் உட்கார்ந்தபடியே கேட்டாள், “நெல்லுக்கு வராத நோயி புள்ளைங்களுக்கு மட்டும் எப்படி நைனா வருது?”

“இது கவர்மெண்டுக்குப் போற லெவி நெல்லு. ஊர்ப் பொது வேலை மாதிரிதான் இது. உனக்குப் புரியாது.”

“அன்னிக்கி என்னை ஒண்ணு கேட்டீங்க, புள்ளய ரோட்ல வுட்டது யாருன்னு. அன்னிலேர்ந்து நானும் அதையே கேட்டுக்கினு இருந்தேன். இன்னிக்கித்தான் தெரிஞ்சிது. நீங்க சொல்லுங்க, யாரு வுட்டது?”

குழந்தை நெல்லைக் கையில் அள்ளிக் கீழே விட்டு விளையாடிக்கொண்டிருந்தது. அவர் அதன் காலைப் பார்த்தார். அப்போதுதான் அவர் முகத்திலிருந்த சிரிப்பு போனது. மூட்டையில் அள்ளு என்று மேஸ்திரியிடம் சொன்னார். வண்டியில் ஏறும்போது என் பக்கம் திரும்பி, “நீ இனிமே மில்லுக்கு வராத” என்றார். நான் ஏற்கெனவே கூடையை இறக்கிவிட்டேன் என்பது அவருக்குத் தெரியாது.

அன்றைக்கே மைதானம் திறந்துவிட்டது, நாங்களே திறந்தோம். ஆனால் பஞ்சாயத்து அதைத் திறப்பு என்று ஒத்துக்கொள்ளவில்லை. அவசரமாக ஒரு கூட்டம் போட்டு, நோய் முற்றிலும் ஒழிந்துவிட்டதால் மைதானத்தைத் திறக்கலாம் என்று தீர்மானம் போட்டார்கள். மூன்று மாதமாகத் தள்ளிப் போட்ட முடிவை எடுக்க அன்று ஒரு டீ குடிக்கும் நேரம்தான் ஆனது. விழா வைத்தார்கள். வாழைமரம், மைக் செட், ரிப்பன். தளத்தின் வெடிப்புகளில் சிக்கிக் கிடந்த நெல்லை ஆள் வைத்துச் சுரண்டி எடுத்தார்கள். பிரசிடென்ட் மைக்கில் பேசினார். குழந்தைகளின் நலனைக் கருதித்தான் இத்தனை நாள் பஞ்சாயத்து கண்டிப்பாக இருந்தது, அந்தக் கண்டிப்பால்தான் நம் ஊரில் மேற்கொண்டு ஒரு உயிரும் போகவில்லை என்றார். கை தட்டினார்கள். லைன் ஆட்களிலும் சிலர் தட்டினார்கள். எனக்குப் பக்கத்தில் நின்று தட்டியவரின் கையை நான் பிடித்து இறக்கினேன். அவர் என்னைப் பைத்தியம் போலப் பார்த்தார்.

பிறகு காலில் அடிபட்ட குழந்தைக்கு ஒரு மிட்டாய்ப் பொட்டலம் என்று மைக்கில் கூப்பிட்டார்கள். போட்டோ எடுப்பவர் தயாராக நின்றார். அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். மேடைக்குப் போகிறாள் என்று எல்லாரும் வழி விட்டார்கள். அவள் கேட்டுக்கு வெளியே போய், ரோட்டோரமாக நடந்து வீட்டுக்குப் போய்விட்டாள். மைக்கில் இன்னொரு முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, பொட்டலத்தைக் கையில் அகப்பட்ட வேறு ஒரு பிள்ளைக்குக் கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

நெல்லைப் பற்றித் தாசில்தாருக்கு நான் எழுதினேன். விசாரணைக்கு ஒருவர் வந்து மில் ஆபீஸில் நாஷ்டா சாப்பிட்டுவிட்டு எங்களைப் பார்க்காமலே போனார். எனக்கு மில் வேலை போனது. சூளைக்குப் போனேன். கல் சுமந்து இரண்டு வருடம் கஷ்டப்பட்டோம், பிறகு பால்வாடியில் ஆயா வேலை கிடைத்தது. அந்தப் பெண் கட்டைக்கால் வைத்துக்கொண்டு பத்தாவது வரை படித்தாள். தொழிற்பேட்டை பெரிதாக வந்த பிறகு ஒரு கம்பெனியில் உட்கார்ந்து செய்யும் வேலையில் சேர்ந்தாள், கல்யாணமும் செய்துகொண்டாள். அவள் அம்மா இப்போது இல்லை. அந்த விழாவுக்குப் பிறகு கடைசிவரைக்கும் அந்தத் தாய் மைதானத்துக்குள் கால் வைக்கவில்லை.

பஞ்சாயத்தைக் கலைத்துத் தனி அதிகாரி வந்த பிறகு நைனாவின் மவுசு குறைந்தது. மில்லும் கைமாறியது. ஒரு நாள் பொன்னேரியிலிருந்து ஊருக்கு வரும் பஸ்ஸில் ஏறினேன். நல்ல கூட்டம். நடுவில் ஒரு சீட்டில் அவர் உட்கார்ந்திருந்தார், நரைத்துப் போய், மடியில் ஒரு மஞ்சள் பையோடு. என்னை அடையாளம் தெரிந்தது. நகர்ந்து இடம் விட்டு, பெரிய மனதோடு, “உக்காரு மா, நல்லா கீறியா?” என்றார். அன்று எனக்குக் காய்ச்சல், நிற்க முடியவில்லை. இருந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஊர் வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன்.